அத்தை காப்பியை விட்ட கதை

எங்கள் ஆன்மேரி அத்தை தவக்காலத்துக்காகக் காப்பியை விட்டுவிட்டாள் என்று தெரிந்ததும் கோயிலில் பாதிப் பேர் உருகிப் போனார்கள். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அத்தை யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மலையில் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் களத்தைப் பார்த்துக்கொண்டவள். களம் என்றால் காப்பிக்கொட்டை காயப்போடுகிற சிமெண்டுத் தரை. வானம் கருத்தால் போதும், அத்தை ஒரு குரல் கொடுப்பாள். எங்கெங்கோ வேலையாக இருக்கும் பெண்கள் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள். பக்கத்து எஸ்டேட்டில் காய வைத்தவர்களும் அந்தக் குரலை நம்பியே கொட்டையை அள்ளுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்குக் காப்பிதான் உயிர். பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம், சொம்பு நிறைய வரக்காப்பி. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எழுந்து போய்க் குடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க வரிசையில் வந்து நிற்பாள். நன்மைக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாதே என்று கேட்டால், "காப்பி சாப்பாடா? மருந்து" என்பாள்.

தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாளும், பிடித்தது ஏதாவது ஒன்றை விட்டுவிடுவது எங்களவர்கள் வழக்கம். ஒறுத்தல் என்போம். சிலர் கறியை விடுவார்கள், சிலர் வெற்றிலையை. அத்தை வருஷா வருஷம் தவறாமல் விட்டது கத்தரிக்காயை. கத்தரிக்காய் அவளுக்கு ஆகவே ஆகாது, தொட்டால் அரிக்கும்.

அந்த அத்தைதான் காப்பியை விட்டாளாம்.

இடுப்பு எலும்பு முறிந்த பிறகு அத்தையை மாலைச்சுடர் முதியோர் இல்லத்தில் சேர்த்தது என் அண்ணன் பென்னி. செம்மநத்தம் போகிற வழியில் இருக்கிறது. நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். குடியிருப்பது கடைக்கு மேலே, மாடியில். ஏணி மாதிரி செங்குத்தான படி. "அந்தப் படியில அத்தைய எப்படி ஏத்துவ?" என்று கேட்டான் பென்னி. கோயம்புத்தூரில் இருக்கிறான், மாதாமாதம் பணம் கட்டியதும் அவன்தான், அதனால் முடிவும் அவனுடையதாக இருந்தது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வியாதி உண்டு. யார் வீட்டுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் போக மாட்டோம். அது மரியாதை இல்லையாம். இல்லத்துக்கும் அப்படித்தான். முதல் நாளே போன் போட்டு, "நாளைக்குப் பூச முடிஞ்சு வர்றோமுங்க" என்று சொல்லி, அங்கே வேலை செய்கிறவர்களுக்கும் சேர்த்துக் கேக் வாங்கிக்கொண்டு போவோம். கோயில் பாட்டுக் குழுவும் சொல்லிவிட்டுத்தான் போகும். நாங்கள் போகும்போதெல்லாம் கூடம் பளபளவென்று இருக்கும். எல்லாருக்கும் தலை வாரியிருக்கும். கூடம் முழுக்கப் பவுடர் வாசனை மணக்கும். எத்தனை சுத்தம் என்று மெச்சிக்கொண்டு திரும்புவோம்.

தவக்காலத்தின் முதல் ஞாயிறு நானும் என் வீட்டுக்காரர் லூர்துராஜும் ஃபிளாஸ்க்கோடு போனோம். அத்தை நாற்காலியில் சாய்ந்திருந்தாள். கன்னம் ஒட்டியிருந்தது. டம்ளரை நீட்டியதும் பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாங் கண்ணு. தவசு காலத்துக்குக் காப்பிய உட்டுட்டேன்."

"நீங்களா?"

"ஆமா," என்றாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இல்லத்தின் மேனேஜர் ஜெப்சன் பக்கத்திலேயே நின்றான். தேன் ஒழுகப் பேசுகிறவன். "ஏனுங்க அக்கா, உங்க அத்தையப் பாத்து நாங்கெல்லாம் கத்துக்கோணுமுங்க. காப்பி மட்டுமில்லீங்க, தண்ணி கூட அளந்துதான் குடிக்கறாங்க. பொழுதுக்கும் ஜெபமாலதான்."

அத்தையின் மணிக்கட்டில் பழுப்பாக ஒரு தடம் ஓடியது. என் கண் அங்கே போனதைப் பார்த்துவிட்டான். "ஜெபமாலையக் கையில சுத்திக்கிட்டே தூங்கிடறாங்க. எத்தன சொன்னாலும் கேக்கறதில்லீங்க."

வீட்டில் ஜெபமாலை தொடங்கினால் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போகிறவள் எங்கள் அத்தை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். லூர்துராஜ் என் கையைத் தொட்டார். "வயசானா பக்தி வர்றது சகஜந்தான். உடு" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாமே சகஜந்தான். ஜீப் டிரைவர். கொண்டை ஊசி வளைவில் எதிரே லாரி வந்தாலும் பொறுமையாக நிற்பார்.

அதற்குப் பிறகு ஊர் வாயில் விழுந்தது அத்தையின் பெயர். பென்னி குடும்ப வாட்ஸப்பில் அவள் படத்தைப் போட்டு, 'எங்கள் வீட்டுத் தவமுனி' என்று எழுதினான். கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், இந்த வயதிலும் ஒரு தாய் தனக்கு உயிரான காப்பியை ஆண்டவருக்காக விட்டிருக்கிறார் என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்குத் தூள் வாங்க வந்தவர்கள் அத்தை ஞாபகம் வந்து வாங்குவதைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு போனார்கள். பிழைப்பிலும் மண்.

என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்தவர் பக்தியைச் சந்தேகப்படுவது பாவம் என்றுதானே எங்களை வளர்த்திருக்கிறார்கள். ஈஸ்டர் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஈஸ்டரும் வந்தது. அதற்கடுத்த வாரம் கடைக்குப் புதுக் கொட்டை வந்தது. வறுக்கும்போதே வாசனை தெருவைத் தாண்டிப் போனது. அத்தைக்கென்று தனியாக ஒரு பிடி எடுத்து அரைத்து, டிக்காஷன் போட்டுப் பெரிய ஃபிளாஸ்க்கில் ஊற்றினேன். லூர்துராஜுக்கு அந்தப் பக்கம் ஒரு சவாரி இருந்தது. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் இல்லத்துக்குப் போன் செய்யவில்லை என்று உறைத்தது. அட போகட்டும், ஒரு நாள் மரியாதை கெட்டால் மலை ஒன்றும் சரிந்துவிடாது என்று இருந்துவிட்டேன்.

கேட்டில் இருந்த ஆள், ஆபீசில் கேட்க வேண்டும் என்று உள்ளே போனான். நான் சமையல்கட்டுப் பக்கமாகச் சுற்றிக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

அன்றைக்குப் பவுடர் வாசனை இல்லை. மூத்திர நாற்றம் மூக்கில் அடித்தது. கட்டில்களில் எல்லாரும் கிடந்தார்கள். டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அத்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அத்தை, ஈஸ்டர் முடிஞ்சுது. எழுந்திரிங்க, காப்பி" என்றேன்.

வாசனை பட்டதும் அவள் மூக்கு விரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது. ஆனாலும், "வேண்டாங் கண்ணு. ஒரு நேர்ச்ச இருக்குது" என்றாள்.

நேர்ச்சையாவது வேண்டுதலாவது என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே, ஊற்றியதை வீணாக்க மனமில்லாமல் பக்கத்துக் கட்டில் சின்னத்தாயி அம்மாவிடம் நீட்டினேன். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர். வாதம் வந்து பேச்சும் ஒரு பக்கமும் விழுந்துவிட்டன. உதடு வெடித்து ரத்தம் காய்ந்திருந்தது. நல்ல கை டம்ளரை நோக்கிப் பாதி வந்தது. பிறகு என்ன நினைத்தாரோ, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

கடைசிக் கட்டில் மூக்கனிடம் போனேன். அவரும் தலையை ஆட்டினார். எதிர்க் கட்டிலிலும் அதேதான். காப்பித் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த கிழடுகட்டைகள் அத்தனை பேரும், புதுக்கொட்டை டிக்காஷனை வேண்டாம் என்கிறார்கள்.

சின்னத்தாயியின் தலைமாட்டில் மாரியம்மன் படம் இருந்தது. நெற்றியில் திருநீறு. அந்தம்மாவுக்கு ஏது தவக்காலம்? மூக்கனுக்கு ஏது ஈஸ்டர்?

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அத்தையின் கட்டிலில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடம் ஈரமாக இருந்தது.

"அத்தை, நெசத்தச் சொல்லுங்க. ஏன் குடிக்க மாட்டேங்கறீங்க?"

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "குடிச்சா கட்டில உட்டு எறங்கோணுங் கண்ணு."

"எறங்குங்க. அதுக்கென்ன?"

"எறக்க ஆளு வேணுமில்ல. கூப்புட்டா வர மாட்டாங்க. வந்தா அந்தப் பேச்சுப் பேசறாங்க. ஈரமாயிட்டா விடியற மட்டும் அதுலயேதான் கெடக்கோணும். அந்த டயப்பர் அரிக்குதுன்னு ஒருக்காக் கழட்டிப் போட்டேன். கையக் கட்டில்ல கட்டிட்டாங்க." மணிக்கட்டைக் காட்டினாள். ஜெபமாலை சுற்றினால் அப்படித் தோல் உரியாது என்பது எந்தக் குருட்டுக் கழுதைக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்குத் தெரியவில்லை. "குடிக்காம இருந்தாத் தேவலைன்னு ஒவ்வொருத்தரா உட்டுட்டோம்."

"அப்பறம் எதுக்குத் தவக்காலமுன்னு சொன்னீங்க?"

"அந்தாளு பக்கத்துலயே நின்னுட்டிருந்தான், வேறென்னத்தச் சொல்றது? நாங் காப்பிய உட்டேன்னா ஊருல எவனுக்குப் புரியாட்டியும் உனக்குப் புரியுமுன்னு நெனச்சேன்."

அவள் அனுப்பிய சேதியைத்தான் பென்னி படம் போட்டுக் கொண்டாடினான். அதைத்தான் கோயிலில் பிரசங்கமாகக் கேட்டோம். நான் அன்றைக்கு எரிச்சல்பட்டதோடு சரி.

"இப்பவே கிளம்புங்க. ஜீப் வெளிய நிக்குது" என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்தாள். "சத்தம் போடாத சாமி. கேள்வி கேட்டா கீழ அனுப்பிருவாங்களாம். சேலத்துல இவங்களுக்கு இன்னொரு ஊடு இருக்குதாம்." மலையை விட்டு இறங்கி ஒரு ராத்திரி தங்கியிராதவள் அத்தை. சேலத்து வெயில் என்று சொன்னாலே அவளுக்கு மூச்சு முட்டும். "நான் போயிட்டா இவளுக்காக வாயத் தொறக்க யாரு இருக்கறா?" என்று சின்னத்தாயியைக் காட்டினாள்.

அதற்குள் ஜெப்சன் வந்துவிட்டான். "ஏனுங்க அக்கா, ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமுங்களே."

நான் கேட்ட கேள்வி எதற்கும் அவன் முகம் மாறவில்லை. வயதானவர்களுக்கு ஞாபகம் பிசகும். கட்டியது கீழே விழாமல் இருக்க. தண்ணீர் கொடுக்கத்தான் செய்கிறோம், அவர்கள்தான் குடிப்பதில்லை என்றான். கல்லில் நார் உரித்துவிடலாம், அவன் வாயிலிருந்து ஒரு நேரான பதிலை உரிக்க முடியாது. அத்தையைக் கூட்டிப்போகிறேன் என்றேன். "சேத்தது பென்னி சாருங்க. அவரு சொல்லாம அனுப்புனா எங்களுக்குத் தப்பாயிருமுங்க" என்றான்.

ஜீப்பிலிருந்தே பென்னிக்குப் போன் போட்டேன்.

"செல்வி, நீ எப்பவுமே அவசரக்காரி," என்றான். "ஜெப்சன் தங்கமான பையன். எம் பொண்ணு கல்யாணத்துல பாடினான். அத்தைக்குன்னு நல்ல கம்மோடு சேர் வாங்கி அனுப்பினேன், தெரியுமா? கட்டிலுக்குப் பக்கத்துலயே வெச்சுக்கலாம், பாத்ரூம் போகவே வேண்டாம். அத்தனை வசதி பண்ணியிருக்கேன்."

"அங்க எந்தச் சேரும் இல்லைங்ண்ணா."

"நீ பாத்திருக்க மாட்ட."

அவனோடு பேசுவதற்குப் பதில் அரவை மிஷினோடு பேசலாம். மறுநாள் முதியோர் புகாருக்கான உதவி எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். வெண்ணிலா என்று ஓர் அதிகாரி சேலத்திலிருந்து திரும்ப அழைத்தார். பொறுமையாகக் கேட்டார். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன், யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அத்தையைச் சேர்த்தவன் என்பதால் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அதுதான் நான் செய்த புத்திசாலித்தனம்.

பென்னி என்ன செய்தான் தெரியுமா? ஜெப்சனுக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கெழம ஆபீசர் வர்றாங்களாம் தம்பி, தங்கச்சி கொஞ்சம் அவசரப்பட்டுட்டா, மனசுல வெச்சுக்காதீங்க" என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறான். சொல்லாமல் கொள்ளாமல் ஆளை அனுப்புவது மரியாதை இல்லையாம். கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒருவன் கெட்டவனாக இருந்தால் திட்டித் தீர்க்கலாம். நல்லவனாக இருந்து இப்படிக் கழுத்தை அறுத்தால் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை நானும் லூர்துராஜும் ஃபிளாஸ்க்கோடு போனபோது கூடம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பினாயில் மேல் பவுடர், பவுடர் மேல் ஊதுபத்தி. எல்லாருக்கும் துவைத்த துணி. அத்தைக்கு முழுக்கை ரவிக்கை போட்டு மணிக்கட்டை மறைத்திருந்தார்கள். பென்னி எல்லாவற்றையும் சுமுகமாக முடித்து வைக்கக் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்திருந்தான்.

வெண்ணிலா ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கேட்டார். ஜெப்சன் ஓரடி பின்னால் நடந்தான். "நல்லாப் பாத்துக்கறாங்கம்மா," என்றார் மூக்கன். "கொறை ஒண்ணுமில்லீங்க," என்றாள் ஒருத்தி. அத்தையிடம் வந்தபோது அவள் ஜெப்சனைப் பார்த்தாள், சின்னத்தாயியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். "பரவால்லீங்க" என்றாள். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது.

வெண்ணிலா பையை எடுத்தார். என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, ஆனால் நம்பிக்கையும் இல்லை. இன்னும் ஒரு நிமிஷம் போனால் அத்தைக்கு எல்லாம் முடிந்தது. இவர் கார் கேட்டைத் தாண்டிய பிறகு அந்தக் கூடத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

"மேடம், மலைக்கு வந்துட்டு வெறும் வாயோட போகக் கூடாதுங்க. ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். காப்பிக் கடைக்காரி வேறு எதைச் சொல்வாள். ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். அவருக்கு ஊற்றிக் கொடுத்துவிட்டு, கட்டில் கட்டிலாக ஊற்றி நீட்டினேன். ஒவ்வொருவரும் தலையை ஆட்டினார்கள்.

வெண்ணிலா குடிப்பதை நிறுத்தினார். "யாருமே குடிக்க மாட்டாங்களா?"

"தவக்கால ஒறுத்தலுங்க மேடம்," என்றான் ஜெப்சன். அவனுக்குப் பழகிப்போன பதில், யோசிக்காமல் வந்துவிட்டது.

"ஈஸ்டர் முடிஞ்சு போச்சுங்க," என்றேன். "மாரியம்மன் படத்த வெச்சுட்டுப் படுத்திருக்கற சின்னத்தாயிம்மாவுக்கு ஏதுங்க தவக்காலம்?"

அப்போது சின்னத்தாயியின் நல்ல கை போர்வையிலிருந்து வெளியே வந்தது. என் கையிலிருந்த டம்ளரைப் பிடித்தது. அந்தம்மா குடித்தார். பாதி தாடையில் வழிந்தது. மீதியை விடாமல் குடித்துவிட்டு, இன்னும் என்பது போல டம்ளரை நீட்டினார்.

அத்தை அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கும் ஊத்து கண்ணு" என்றாள்.

ஒரு டம்ளர் குடித்தாள். அடுத்தது கேட்டாள். மூன்றாவதையும் வாங்கிக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு வெண்ணிலாவிடம், "அம்மிணி, சித்த நேரம் ஒக்காருங்க. உடனே போயிராதீங்க" என்றாள்.

வெண்ணிலா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான். ஜெப்சன், காப்பியைப் பூக்க வைக்கும் பூ மழை இந்த வருஷம் நன்றாகப் பெய்ததைப் பற்றிப் பேசினான். பென்னி என் காதருகே வந்து, "என்ன நாடகம் இது?" என்றான். வாயைத் திறந்தால் நல்ல வார்த்தை வராது என்று ஃபிளாஸ்க்கை மூடினேன்.

அத்தையின் முகம் இறுகுவதைப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் அந்தக் குரல் வந்தது. களத்தில் மழைக்கு முன்னால் வருகிற குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"ஒண்ணுக்கு வருது. எனக்கும் வருது, சின்னத்தாயிக்கும் வருது. யாரு கூட்டிட்டுப் போறீங்க?"

வேலை செய்கிற பெண்கள் இரண்டு பேர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் நகரவில்லை.

"கூட்டிட்டுப் போங்க," என்றார் வெண்ணிலா. அப்போதும் நகரவில்லை. "பாத்ரூம் எங்கே?"

அத்தை முகவாயால் காட்டினாள். கூடத்தின் கோடியில் ஒரு கதவு. 'சுத்தம் சோறு போடும்' என்று அதன் மேல் அட்டை மாட்டியிருந்தது. இத்தனை நாள் அதை வெறும் சுவர் போல நினைத்துத்தான் நாங்கள் கடந்து போயிருக்கிறோம்.

"சாவி வந்துங்க மேடம், டவுனுக்குப் போயிருக்குதுங்க. வெளிய சமையக்கட்டுக்குப் பின்னால ஒண்ணு இருக்குதுங்க, நடக்கறவங்களுக்கு..."

"நடக்க முடியாதவங்களுக்கு?"

முதல் தடவையாக ஜெப்சன் உதவிக்குப் பென்னியைப் பார்த்தான். அப்போது என் வீட்டுக்காரர், லாரிக்கும் ஒதுங்கி நிற்கிற லூர்துராஜ், யாரையும் கேட்காமல் போய்த் தோளால் ஒரு இடி இடித்தார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது.

உள்ளே கூரை வரைக்கும் சாமான். பிறந்த நாள் கொண்டாட வந்தவர்கள் கொடுத்த அரிசி மூட்டை, எங்கள் கோயிலில் வசூல் பண்ணி வாங்கிக் கொடுத்த போர்வைக் கட்டு, பிரிக்காத டயபர் பெட்டி பெட்டியாக. அடியில் எங்கேயோ கக்கூஸின் பீங்கான் விளிம்பு தெரிந்தது. எல்லாவற்றுக்கும் முன்னால், பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காமல், கம்மோடு சேர் ஒன்று நின்றது. ஒட்டியிருந்த டேப்பில் பெரிய எழுத்தில் 'அன்பளிப்பு: பென்னி, கோயம்புத்தூர்' என்று இருந்தது. அவன் கையெழுத்துதான்.

"கோடைங்க மேடம், தண்ணி லாரி நொம்பக் கஷ்டமுங்க. கழுவறதுக்குத் தண்ணி..." என்று ஆரம்பித்தான் ஜெப்சன். வெண்ணிலா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல்ல அதை எடுத்துட்டு வாங்க" என்றார்.

பென்னி அந்த உறையை நகத்தால் கிழிக்கப் பார்த்தான். கிழியவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தான். நானும் வெண்ணிலாவும் சேலையை விரித்து மறைத்துப் பிடித்தோம். முதலில் சின்னத்தாயி, அடுத்தது அத்தை. பென்னி வராந்தாவுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கியது. எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை.

வெண்ணிலா அத்தையின் ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிப் பார்த்தார். அடுத்த கட்டிலிலும் பார்த்தார். மூக்கன், கேட்காமலேயே, தன் கையை நீட்டினார். அதற்குப் பிறகு கட்டில் கட்டிலாகக் கைகள் நீண்டன. வெண்ணிலா மறுபடி முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். இந்த முறை ஜெப்சனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் வரை அவர் கிளம்பவில்லை.

சின்னத்தாயியை நாகலூரிலிருந்து அவர் மகன் வந்து தூக்கிக்கொண்டு போனான். ஜெப்சன் மேல் வழக்கு நடக்கிறது. இல்லத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் ஆட்கள் வந்து பார்க்கிறார்கள். கோயிலில் இப்போது, "எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு" என்று எல்லாரும் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

அத்தை என்னோடுதான் இருக்கிறாள். கடைக்குப் பின்னால் கொட்டை மூட்டை அடுக்கியிருந்த அறையைக் காலி பண்ணி, மூட்டைகளை மாடியில் ஏற்றினோம். அறைக்கு ஒட்டினாற்போல் கக்கூஸ் இருக்கிறது. படி ஏறவே வேண்டாம். இதை முதலிலேயே ஏன் யாரும் யோசிக்கவில்லை என்று மட்டும் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வந்த மறுநாள் காலையில் சொம்பு நிறைய வரக்காப்பி கொண்டுபோய் வைத்தேன். பழையபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உறிஞ்சினாள். எனக்கு நெஞ்சு நிறைந்தது. கடைக்கு வந்து மிஷினைப் போட்டேன். ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவது போல இருந்தது. சின்னக் குரல். வெளியே நிற்கிற யாரோ என்று நினைத்தேன். மிஷினை நிறுத்தினால், அத்தை.

"ஏனுங்க," என்றாள், என்னைப் பார்த்து. "ஒண்ணுக்குப் போயிக்கட்டுங்களா?"

"இத எதுக்கு அத்தை என்னையக் கேக்கறீங்க? இது உங்க ஊடு" என்று கத்திவிட்டேன். என் கோபம் யார் மேல் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்?

அத்தை சொம்பைச் சத்தம் வராமல் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே குடிக்கலீங்க" என்றாள்.